இறந்தவருக்கு வீடு எதற்கு?

திருப்பதியை அடுத்த சந்திரகிரிப் பக்கம், மல்லய்யகாரிபல்லியில் ஒரு கல்திட்டை நிற்கிறது. செங்குத்தாக நாட்டிய பலகைக் கற்களின்மேல் ஒரு பெரிய மூடுகல். வயது சுமார் 2,500 ஆண்டு. ஊரார் அதைப் பாண்டவர் கோயில் என்கிறார்கள். ஈமச்சின்னம் என்ற நினைவு மறைந்துவிட்டது. யாரோ குடியிருந்த இடம் என்ற எண்ணம் மட்டும் மறையவில்லை.

இத்தகைய கல்திட்டைகளை எழுப்பிய பெருங்கற்காலத்தார் பல இடங்களில், சதை நீங்கிய பிறகு பொறுக்கியெடுத்த எலும்புகளையே கல்லறையில் இட்டார்கள். உடன் கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள். உடல் அழிவதைக் கண்ணால் கண்டவர்களே பானையும் வைத்தார்கள் என்பதுதான் சிந்திக்கத்தக்கது. உடலோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியிருந்தால் அந்தப் பானைக்கு வேலையே இல்லை.

தென்னிந்தியக் கல்திட்டைகள் பலவற்றில் ஒரு பலகையில் வட்டமான இடுதுளை குடைந்திருக்கும். பின்னர் இறந்தவரின் எலும்பை இடவும் படையல் வைக்கவும் அது உதவியிருக்கலாம். உயிர் போய்வரும் வழி என்ற கருத்தும் உண்டு. இதற்குச் சீனத்தில் வலுவான ஒப்புமை கிடைக்கிறது. கி.மு. 433 அளவில் புதைக்கப்பட்ட செங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறை 1978-ல் ஹூபே மாகாணத்தில் அகழப்பட்டது. 65 வெண்கல மணிகளும், உடன் புதைத்த 21 பெண்களின் உடல்களும் அங்கே கிடைத்தன. அவனுடைய வெளிப்பேழையில் ஒரு சதுரத் திறப்பு; உட்பேழையில் தீட்டிய கதவும் சன்னலும்; அறைக்கு அறை சிறு வழிகள். ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இறந்தவரை உள்ளே வைத்தும் முழுதாக அடைக்காமல் விட்டிருக்கின்றன.

மறுபிறப்புக் கொள்கை வேரூன்றியபின் சிக்கல் கூர்மையாகிறது. உயிர் வேறுடல் புகுந்துவிட்டதென்றால் இந்த வீட்டில் இருப்பது யார்? ஆயினும் பழைய வழக்கம் ஓயவில்லை. சுடுவதும் புதைப்பதும் தாழியில் கவிப்பதும் ஒரே ஈமக்காட்டில் நடந்ததை மணிமேகலை காட்டுகிறது.

சைவம் கண்ட விடை பள்ளிப்படை: இறந்த அரசனின் நினைவிடத்தில் எடுக்கும் கோயில். முதலாம் ஆதித்த சோழன் காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் கி.பி. 907-ல் இறந்தான். மகன் பராந்தகன் அங்கே ஆதித்தேசுவரம் எடுத்து, விழா நாளில் பிராமணர், துறவியர், பல சமயத்தார் அனைவருக்கும் உணவளிக்க நிவந்தம் வைத்தான். படையல் பானைக்குள் அடைபடாமல் உயிரோடிருப்பவரின் இலைக்கு வந்தது. கருவறையில் சிவலிங்கம், இறந்தவன் பெயரோ இறைவன் பெயரானது. சித்தூரை ஒட்டிய மேல்பாடியில், பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசனும் அவ்வாறே ஒரு பள்ளிப்படை எடுத்தான்.