பெரிய கிளப்புக்குப் போகாத பி.கே.

பிரதீப் குமார் பானர்ஜியைக் கால்பந்து உலகம் பி.கே. என்றே அழைத்தது. 1955இல் கொல்கத்தாவின் கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். 1967இல் ஆட்டத்தை நிறுத்தும்வரை அங்கேயே இருந்தார். அந்த நகரத்துக் கால்பந்து என்றால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெயர்கள்தான். அவற்றில் எதன் சட்டையையும் ஆட்டக்காரராக அவர் போட்டதில்லை.

அவர் சாதாரண ஆட்டக்காரராக இருந்திருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய இடத்திலிருந்து அழைப்பு வராதவர் சின்ன இடத்திலேயே இருப்பது உலக வழக்கம். பி.கே.யோ இந்திய அணியின் வலதுபுற முன்கள ஆட்டக்காரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவர்; பிரான்ஸுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார். 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் பி.கே.தான். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கியது. ஒரு கோல் பி.கே.யுடையது, மற்றொன்று ஜர்னைல் சிங்குடையது.

அந்தக் காலத்து இந்திய முன்களத்தை மூன்று பெயர்களால் சொல்வார்கள்: சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம், பி.கே. மூவரும் நாட்டுக்காக ஒரே வரிசையில் ஆடியவர்கள். கொல்கத்தாவுக்குத் திரும்பியதும் சுனி மோகன் பகானுக்குப் போவார், பலராம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போவார், பி.கே. ரயில்வே அணிக்குப் போவார். முதல் இருவருக்கும் பின்னால் தலைமுறை தலைமுறையாக வந்த ரசிகர் படை நின்றது. ரயில்வே அணி என்பது ஊழியர்களின் அணி. அது தோற்றால் எந்த வீட்டிலும் உலை ஏறாமல் இருக்காது. வென்றாலும் மீன் விலை ஏறாது. ஈஸ்ட் பெங்கால் வென்ற அன்று ஹில்சா மீனுக்கும் மோகன் பகான் வென்ற அன்று இறாலுக்கும் கொல்கத்தாச் சந்தையில் கிராக்கி என்பது அங்கே நெடுநாள் பேச்சு.

அன்றைய கொல்கத்தாவில் ஆண்டுதோறும் கிளப் மாறும் பருவம் ஒன்று வந்தது. ஆட்டக்காரர் இந்தியக் கால்பந்து சங்க (ஐ.எஃப்.ஏ.) அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதுவரை எதிர் கிளப் ஆட்கள் கண்ணில் படாமல் அவரை எங்காவது கொண்டுபோய் வைத்துக் காவல் இருப்பதும், காவலை மீறி இன்னொரு கிளப் தூக்கிக்கொண்டு போவதும் நடந்தன. உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர்களை விடுதியில் அடைத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கூத்து நடந்த ஊரில் நாட்டின் மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர் ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு ரயில்வே சட்டையோடு வந்து நின்றார்.

1958இல் கிழக்கு ரயில்வே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே ஓர் அணி அந்தப் பட்டத்தை மறுபடி எடுக்க 2019 வரை, அதாவது 61 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பியர்லெஸ் அணி வென்றது. மோகன் பகானுக்குப் பட்டங்கள் ஏராளம். அவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கிளப்பின் வரலாறு பெரிதாக மாறிவிடாது. ரயில்வேக்கு அந்த ஓர் ஆண்டுதான் வரலாறு.

அவர் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு எளிய பதில் வேலை. அன்றைய இந்தியக் கால்பந்தில் ஆட்டத்துக்கு வெளிப்படையான சம்பளம் கிடையாது. ரயில்வேயில் மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பாஸ், ஓய்வுக்குப் பின் பென்ஷன் எல்லாம் உண்டு. எங்கள் தேனிப் பக்கத்தில் இதன் எடையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கம்பத்திலும் சின்னமனூரிலும் திராட்சைக்கு இந்த வாரம் ஒரு விலை, அடுத்த வாரம் வேறு விலை. போடியில் ஏலக்காய் ஏலம் போகும் விலையை வைத்துத்தான் பல வீடுகளில் கல்யாணத் தேதி முடிவாகிறது. அப்படிப்பட்ட ஊரில் "பையனுக்கு ரயில்வேல வேலை" என்று சொல்லும் அப்பாவின் குரலே வேறு மாதிரி இருக்கும். மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை 2010 முடிவில் மூடப்பட்டு, அகலப் பாதையில் ரயில் தேனிக்கு 2022லும் போடிக்கு 2023லும் வந்து சேரும்வரை இந்தப் பக்கம் ரயிலே ஓடவில்லை. ரயில் ஓடாத அந்த ஆண்டுகளிலும் ரயில்வே வேலைக்கு இருந்த மதிப்பு குறையவில்லை.

அப்படியானால் பி.கே. காட்டியது விசுவாசமா, முன்யோசனையா? இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆதாயம் கலந்துவிட்டால் விசுவாசம் போலி என்பது அவர்கள் கட்சி. ஆனால் சுனி கோஸ்வாமி ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தபடியேதான் மோகன் பகானுக்கு ஆடினார். பெரிய கிளப்பின் பேரும் நிலையான உத்தியோகமும் சேர்ந்து கிடைக்கக்கூடிய வழி அன்று இருந்தது, பி.கே. அளவு ஆட்டக்காரருக்கு அதைத் திறந்துவிடப் பலர் இருந்திருப்பார்கள். ஆகவே வேலை அவரைக் கட்டிப்போட்டது என்று சொல்லி முடித்துவிட முடியாது. சோறு போட்ட இடம், அதனால் இருந்தார் என்று சொன்னாலும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆதாயமே இல்லாமல் ஓரிடத்தில் இருப்பவரைத் தேடினால் துறவிகள்தான் கிடைப்பார்கள், அவர்களிலும் எல்லோரும் தேறமாட்டார்கள்.

வெளிநாடுகளில் இதற்குப் புகழ்பெற்ற இரண்டு உதாரணங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. இங்கிலாந்தின் மேத்யூ லே டிஸ்ஸியர் 1986 முதல் 2002 வரை சவுத்தாம்ப்டனுக்கு மட்டும் ஆடினார். அந்தக் கிளப்பின் பழைய மைதானமான தி டெல்லில் பதினைந்தாயிரம் பேர்தான் உட்கார முடியும். 48 பெனால்டிகளில் 47 கோல், பிரீமியர் லீக்கில் மட்டும் 100 கோல். டாட்டன்ஹாமும் செல்சியும் கேட்டும் அவர் போகவில்லை. 1993-94 பருவத்தில் அணி அடித்த லீக் கோல்களில் பாதி அவருடையது. அதையும் வைத்துக்கொண்டு சவுத்தாம்ப்டன் ஒரே ஒரு புள்ளியில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியது. பெரிய கோப்பை ஒன்றும் அவர் கைக்கு வரவில்லை. இங்கிலாந்துக்காக அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள். பெரிய கிளப்பில் இருந்திருந்தால் எண்பது ஆடியிருப்பார் என்று இன்றும் சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த எண்பது ஆட்டங்களை அவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரியாத இடம்.

இத்தாலியின் ஜிஜி ரீவா வேறு ரகம். வடக்கே லொம்பார்டியில் பிறந்து, பதினெட்டு வயதில், 1963இல், சார்டீனியா தீவின் கல்யாரி அணிக்கு வந்தார். இத்தாலிய நிலப்பகுதிக்காரர்களுக்கு அன்று சார்டீனியா என்றால் அரசு ஊழியரைத் தண்டனையாக மாற்றி அனுப்பும் இடம். வடக்கு நகரங்களின் மைதானங்களில் கல்யாரி ஆட்டக்காரர்களை ஆடு மேய்ப்பவர்கள், கொள்ளைக்காரர்கள் என்று கேலி செய்வார்கள். மதுரையைத் தாண்டி மேற்கே காமிரா திரும்பினாலே யார் கையிலாவது அரிவாளைக் கொடுத்துவிடும் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேலி அந்நியமாக இருக்காது. ரீவா 1970இல் அந்த அணிக்கு லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கல்யாரிக்கு இன்றுவரை அது ஒன்றுதான். யுவென்டஸ் பெரும் பணத்தோடு வந்து கேட்டபோது மறுத்தார். 1976இல் காயத்தால் ஆட்டம் நின்றது. அதன் பிறகும் அந்தத் தீவிலேயே வாழ்ந்து, 2024 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பிறந்த ஊருக்கு விசுவாசம் என்ற கணக்கில் இது சேராது. வந்த ஊர் அவருக்குச் சொந்த ஊரானது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கதைகள் வேறு விதமாக ஒலிக்கும். இந்த மண்ணின் பெருமை என்று சொல்லப்படுவோர் அநேகமாகப் போனவர்கள். பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா போனார், அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா போனார், வடுகபட்டியிலிருந்து வைரமுத்து போனார். அவர்களை யாரும் குறை சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. பண்ணைப்புரத்தில் ஒலிப்பதிவுக் கூடம் இல்லை, அல்லிநகரத்தில் ஸ்டுடியோ இல்லை. அந்தத் தொழில் இருந்த ஊருக்கு அவர்கள் போனார்கள்.

பி.கே.யையும் லே டிஸ்ஸியரையும் ரீவாவையும் இவர்களோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் மூவரும் சின்ன அணியில் இருந்தார்கள். சின்ன ஆட்டம் ஆடவில்லை. கிழக்கு ரயில்வே ஆண்டுதோறும் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் அதே லீக்கில், அதே கொல்கத்தா மைதானில் எதிர்கொண்டது. சவுத்தாம்ப்டனும், பெரும்பாலான ஆண்டுகள் கல்யாரியும், தங்கள் நாட்டின் முதல் டிவிஷனில் இருந்தன. திறமையைக் காட்டுவதற்கு அவர்கள் இடம் மாற வேண்டியிருக்கவில்லை. பெரியவர்கள் எதிரணியாக வந்து நின்றார்கள். சின்னதும் பெரியதும் ஒரே களத்தில் மோதும் ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் "நான் போகவில்லை" என்று ஒருவர் சொல்வதற்கு அர்த்தம் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், கால்பந்து ஆடும் கூடலூர்ப் பையன் ஊரிலேயே இருந்தால் அது விசுவாசம் ஆகாது, ஆட்டத்தை விடுவதுதான். சென்னைக்கோ கேரளத்துக்கோ போனால்தான் அவன் ஆட்டக்காரன்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அது மூடிய கதவாக இருந்தது. உரிமக் கட்டணம் கட்டிய அணிகள் உள்ளே, மற்றவை வெளியே. கீழ் லீக்கை வென்று மேலே வரும் வழி 2023இல்தான் பஞ்சாப் அணிக்குக் கிடைத்தது. ஒரு பி.கே. இன்று ஊழியர் அணியில் இருக்க முடிவு செய்தால் அவரை யாரும் பார்க்கவே போவதில்லை. விசுவாசமான ஆட்டக்காரர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் ஆட்டக்காரரின் மனத்தைக் குறை சொல்கிறார்கள். லீக்கின் அமைப்பைப் பார்ப்பதில்லை.

போடிமெட்டு ஏறினால் மூணாறில் வேறொரு ஏற்பாடு உண்டு. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான ஃபின்லே கோப்பைக் கால்பந்துப் போட்டி 1940-களிலிருந்து வருகிறது. ஆடுபவர்களில் பலர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். எந்த எஸ்டேட்டில் பிழைப்போ அந்த எஸ்டேட்டின் அணி. கிளப் மாறும் பேச்சே அங்கில்லை. எல்லா அணியும் ஒரே உயரத்தில் இருப்பதால் ஒருவர் தங்குவது தியாகமும் ஆகாது, இழப்பும் ஆகாது. தேனி மாவட்டத்துக்குள்ளேயே பெரியகுளம் இன்னொரு வழியைக் கண்டது. அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள் அந்தச் சிறிய ஊருக்கு வந்து விளக்கொளியில் ஆடுகின்றன. திறமை ஊரைவிட்டுப் போவதை இது தடுத்துவிடாது. ஆனால் உயர்ந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்ப் பிள்ளை பஸ் ஏற வேண்டியதில்லை.

ஒரே அணியில் இருந்தவரைப் புகழ்வோரிடம் ஒரு முரணும் உண்டு. "அவரல்லவா மனுஷன்" என்று டீக்கடையில் மெச்சுகிறவர், சொந்த மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ நல்ல சம்பளத்துக்குக் கம்பெனி மாறினால் சந்தோஷப்படுகிறார். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் வாழ்பவர்களுக்கு, போகாமலும் உயரத்தில் நிற்க முடிந்த ஒருவர் தங்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் கண்முன் காட்டுகிறார். அந்த மெச்சுதலில் கொஞ்சம் ஏக்கம் கலந்திருக்கிறது.

விசுவாசத்தை ஆட்டக்காரரிடம் கேட்பதைப் போல அணியிடம் யாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாபின் இந்தர் சிங் 1964 ஆசியக் கோப்பையில் அதிக கோல் அடித்த இருவரில் ஒருவர். அவரும் கொல்கத்தாவுக்குப் போகாமல் ஜலந்தரின் லீடர்ஸ் கிளப்பிலும் பிறகு பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணியிலும் ஆடி முடித்தார். 1974-75 சந்தோஷ் கோப்பையில் மட்டும் 23 கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் வங்காளத்தை 6-0 என வீழ்த்தியது. அந்த ஜே.சி.டி. அணியை 2011இல் நிர்வாகம் கலைத்துவிட்டது. ஆட்டக்காரர் இருந்தார், அணி போய்விட்டது.

பி.கே. ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளரானார். அப்போது பெரிய கிளப்புகளுக்குப் போனார். ஒன்றுக்கு அல்ல, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கிய ஈஸ்ட் பெங்காலுக்கு அவர்தான் பயிற்சியாளர். இரண்டே ஆண்டில், 1977இல், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்த மோகன் பகானுக்கும் அவர்தான். 1997இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் கூடியபோது மறுபடி ஈஸ்ட் பெங்கால் பக்கம் உட்கார்ந்திருந்தார். மோகன் பகான் 4-1 என்று தோற்றது. 2020 மார்ச்சில் அவர் இறந்தபோது இரண்டு கிளப்புகளின் ரசிகர்களும் அவரைத் தங்கள் ஆள் என்றே சொன்னார்கள். கிழக்கு ரயில்வேக்கு அப்படிச் சொல்ல ரசிகர் கூட்டம் இல்லை. பி.கே. ஆடிய காலத்திலும் அது இருக்கவில்லை.