விழித்திருந்தவர்கள்

நார்த்தாமலைப் பக்கம் பிரசவம் ஆன வீட்டில், "முத்துலட்சுமி ரெட்டி பணம் ஏறிருச்சா?" என்று கேட்பார்கள். அரசின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர். பணம் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அவர் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், 1886-இல் பிறந்தவர், தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். 1912-இல் மருத்துவம் முடித்து, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். பிறகு சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர்.

பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசி ஆக்கும் வழக்கத்தை, ஒழிக்க அவர் கிளம்பியபோது பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எங்களை எல்லாம் ஒரே கணக்கில் சேர்ப்பதா, எங்கள் கலை என்ன ஆவது என்றார்கள். முத்துலட்சுமி அசையவில்லை.

சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்த யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. அதில் நான் முழுக்க அவர் பக்கம். வளர்ந்த பெண்கள் விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. மயக்கத்தில் கிடப்பவரிடம் சர்ஜன் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இவர்களோ விழித்திருந்தார்கள், மனு எழுதினார்கள்.

அவர்கள் எதை இழக்கப் பயந்தார்கள் என்பதற்கு நார்த்தாமலையிலேயே ஒரு சாட்சி உண்டு. மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே ஒரு சின்னக் குடைவரை, பழியிலி ஈசுவரம். ஒன்பதாம் நூற்றாண்டில் அதற்கு முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் எடுப்பித்தவள் பழியிலி சிறியநங்கை என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அவள் தேவதாசி இல்லை, முத்தரையர் வீட்டுப் பெண். ஆனாலும் கையில் பொருள் இருந்ததால்தான் பெயர் கல்லில் ஏறியது. பெண்கள் பெரும்பாலோருக்குச் சொத்தே இல்லாத காலத்தில், தேவதாசிகளுக்கு மானிய நிலம் இருந்தது, தாய்வழியில் சொத்து இறங்கியது, சபையில் பேர் இருந்தது. 1929 சட்டத்திருத்தம் கோயில் ஊழியத்தை நீக்கி நிலத்தை அவர்களுக்கே விட்டது. அது முத்துலட்சுமியின் வேலை. பேருக்குத்தான் வழி இல்லை. அவர்கள் ஆடிவந்த சதிர், பரதநாட்டியமாகி, வேறு வீட்டுப் பெண்களோடு மேடை ஏறிவிட்டது.

அந்தக் குலமே அவரை எதிர்த்தது என்பதும் பொய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அங்கிருந்தே வந்து, பொட்டுக்கட்டுவதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். அங்கிருந்து போக்கிடமில்லாமல் வந்த பெண்களுக்காக 1930-இல் முத்துலட்சுமி ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அந்த இல்லத்தில் வளர்ந்த ஒருத்தி தன் கைப்பட எழுதிவைத்தது ஏதாவது கிடைத்தால், நாகரத்தினம்மாள் தரப்பின் மனுவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆசை.