விடுபட்ட பாகம்

நீண்ட மாயக்கதைத் தொடர் ஒன்றை மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் ஏதோ ஓர் இடத்தில் தடுமாறி நிற்பார்கள். இவன் யார், அவளுக்கும் இவனுக்கும் என்ன உறவு, இந்தப் பகை எப்போது மூண்டது? அப்போது பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது தங்களைத்தான். கவனமாகப் படிக்கவில்லையோ, நமக்கு எட்டாத புத்தகமோ என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறார்கள். இந்தச் சந்தேகம் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் எங்கள் தெருவில் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் வாடகைக்கு இருக்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்து முதுகலை படிக்கும் பெண் ஒருத்தி, போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ வரிசையை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனுக்கும் சிரி என்ற சிறுமிக்கும் உள்ள பாசம்தான் அந்தக் கதையின் உயிர். “அந்தப் பாசம் எங்கே தொடங்கியதுன்னே தெரியல அக்கா. எனக்குத்தான் புரியலையோ?” என்று கேட்டாள்.

அவள் குறை அதில் எதுவும் இல்லை. அந்த வரிசையின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று 2007இல் ஆங்கிலத்தில் வந்தது. மறு ஆண்டே நேராக நாவல் வரிசையின் முதல் நூல் வெளியானது. நடுவில் வந்திருக்க வேண்டிய இன்னொரு சிறுகதைத் தொகுப்பு 2015இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. கெரால்ட் சிரியைச் சந்திப்பதும், அவளைத் தன் பிள்ளையாக ஏற்பதும் அந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன. அது கிடைக்காத ஏழு ஆண்டுகளும் ஆங்கில வாசகர்கள் முதல் சந்திப்பைப் பார்க்காமலேயே அந்த உறவுக்குள் நுழைந்தார்கள். ஆங்கிலத்தில் வெளியான வரிசைப்படி புத்தகங்களை வாங்குகிறவர்களுக்கு இன்றும் அதே கதிதான். ஒரு பாகம் விடுபட்டதைப் படிக்கிறவளின் அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழப்பம் இரண்டு வகை என்பது என் எண்ணம். ஒன்று, கதாசிரியரே வேண்டுமென்று வைப்பது. மற்றது, கதை நம்மிடம் வந்து சேரும் வழியில் நேர்வது. தமிழில் இந்த இரண்டையும் ஒருசேர அனுபவித்தவர்கள் சிவகாசி லயன் காமிக்ஸின் வாசகர்கள். ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து, 1984இல் பிரெஞ்சில் தொடங்கிய சித்திரத் தொடர் தமிழில் ‘இரத்தப் படலம்’ ஆனது. அதன் நாயகனுக்குத் தான் யார் என்பதே நினைவில்லை. அவனோடு சேர்ந்து வாசகரும் இருட்டில் நடக்க வேண்டும் என்பது எழுதியவரின் திட்டம். ஆனால் ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்து, முந்தைய பாகத்தின் பெயர்களே மறந்துபோனது எந்த எழுத்தாளரின் திட்டமும் இல்லை. முதல் பதினெட்டு பாகங்களும் 2010இல் ஒரே தொகுப்பாக வந்தபோது இரண்டாவது குழப்பம் தீர்ந்தது. முதலாவதோ அப்படியே இருந்தது, அதுதானே கதை!

மொழிபெயர்ப்பே குழப்பத்தைத் தீர்த்ததும் உண்டு. சீன எழுத்தாளர் லியூ சிசினின் ‘மூன்று உடல் சிக்கல்’ 2008இல் சீனத்தில் நூலானபோது, கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் கதையின் நடுவே தள்ளி வைக்கப்பட்டன. 2014இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கென் லியூ அவற்றை முதல் அத்தியாயங்களாக வைத்தார். எழுதியவர் முதலில் நினைத்த வரிசையும் அதுதான்.

புத்தகத்தை விட்டு மனிதர்களிடம் வந்தால் இந்த இரண்டு வகைக் குழப்பத்தையும் பிரித்தறிவது இன்னும் தேவைப்படுகிறது. நாம் யாருடைய வாழ்க்கையையும் முதல் பாகத்திலிருந்து படிப்பதில்லை. புகுந்த வீட்டுக்கு வரும் மருமகள், பெரியப்பா குடும்பத்தோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரியாமல் பல வருடம் அந்த மௌனத்துக்குள்ளேயே நடமாடுகிறாள். 1985இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் ஊருக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிய முகங்கள் வருகின்றன. ஒடியாவிலும் மணிப்புரியிலும் நடந்த வாழ்க்கைகள் அவை. எங்களிடம் பாதி ஆங்கிலத்தில், பாதி சைகையில் வந்து சேர்கின்றன.

இந்த ஊரின் எல்லையும் அப்படிப்பட்டதுதான். புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் பேருந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக்குள் ஓடி, காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழையும். புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்காது. பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர்கள் துண்டு துண்டாக வந்து சேர்ந்ததையும், 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறிய பிறகும் அந்தத் துண்டுகள் அப்படியே நின்றதையும் யாராவது சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கேட்பவர் முட்டாளும் அல்ல, சொல்பவர் அறிஞரும் அல்ல. ஒருவரிடம் இருக்கும் பாகம் மற்றவரிடம் இல்லை.

எதைக் கேட்பது, எதற்குக் காத்திருப்பது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. நடந்து முடிந்து, நாலு பேருக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் அது விடுபட்ட பாகம். தயங்காமல் கேட்டுவிட வேண்டும். பெரியப்பா வீட்டுப் பகையை மாமியாரிடம் மரியாதையோடு கேட்கலாம். கேட்டால்தான் மருமகள் அந்த வீட்டுக்காரி ஆவாள். ஆனால் எதிரில் இருப்பவருக்கே இன்னும் விடை தெரியவில்லை என்றால், வேலையை விட்டுவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் மகனைப் போல, அவர் கதை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அவரைக் குடைவது கொடுமை. பக்கத்தில் இருந்தால் போதும்.

நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கேட்க வேண்டியதைக் கௌரவம் பார்த்துக் கேட்பதில்லை. விட்டுவிட வேண்டியதை விடாமல் துருவுகிறோம். வீடுகளில் உள்ள மனத்தாங்கல்களில் பாதி இதனால் வளர்ந்தவை என்றே நம்புகிறேன்.

ஆகவே, படிக்கிற கதை புரியவில்லை என்றால் உங்களைக் குறைத்து எண்ணாதீர்கள். எந்தப் பாகம் கைக்கு வரவில்லை என்று விசாரியுங்கள். கூட வாழும் மனிதர் புரியவில்லை என்றாலும் முதலில் அதையே செய்யுங்கள்.