தாமதம் யாரைக் காக்கிறது?

கணையப் புற்றுநோய் என்று தெரிந்து 5 ஆண்டு கடந்தும் உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குச் சுமார் 13 பேர். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு தெரியவந்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டும் கிடைப்பதில்லை. அதே நாட்டில், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவோடு நடக்கும் மூன்றாம் கட்டப் பரிசோதனை ஒன்றைத் திட்டமிட்டு, ஒப்புதல்கள் வாங்கி, நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது என்று ஆய்வாளர் டேவிட் டில்ட்ஸ் குழுவினர் 2010இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தொடங்கத் தாமதமான பரிசோதனைகளே போதிய நோயாளிகள் கிடைக்காமல் அதிகம் நின்றுபோயின என்பதும் அவர்கள் கண்டது. பாதியில் நின்ற ஆய்வுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

வயிறு, குடல், கல்லீரல், கணையப் புற்றுநோய்களைப் பல துறையினரும் பல மருத்துவமனைகளும் சேர்ந்து ஆராயும் திட்டங்களுக்கு அங்கே ‘ஸ்போர்’ என்ற மானியம் இருக்கிறது. நிர்வாகத்துக்கென்றே தனிப் பிரிவு அதில் கட்டாயம். கூட்டம் கூட்டுவது, மானியக் கணக்கு, ஆண்டறிக்கை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், திசு மாதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கான ஒப்பந்தம் எல்லாம் அந்தப் பிரிவினர் தலையில்தான். ஆய்வுக் கட்டுரையின் நன்றி வரியில் இவர்கள் பெயர் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் ஒரு கோப்பை நகர்த்துவதா நிறுத்துவதா என்ற அறக்கேள்வி அன்றாடம் வந்து விழுவது இவர்கள் மேசையில்.

நிறுத்துவதன் பக்கமும் வலுவான நியாயம் உண்டு. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தார். கல்லீரல் நொதி ஒன்றின் குறைபாடு உள்ளவர், வயது 18. அவருடைய அம்மோனியா அளவு விதித்த வரம்பைத் தாண்டியிருந்ததும், முன்னால் சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்த கடும் பக்கவிளைவுகள் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படாததும், இதேபோன்ற சிகிச்சையில் குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்தில் இல்லாததும் பிறகு வெளியே வந்தன. மூன்றுமே காகித வேலை என்று அலட்சியமாகச் சொல்லப்படுபவை. அவசரத்தால் நேரும் மரணத்துக்குப் பெயர் உண்டு, விசாரணை உண்டு. தாமதத்தால் நேரும் மரணத்துக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் அலுவலகங்கள் எப்போதும் தாமதத்தின் பக்கமே சாய்கின்றன.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். நாளைக் காலை ஒரு பெண்மணிக்குக் கணையத்தில் விப்பிள் அறுவை. எடுக்கும் திசுவைச் சீக்கிரம் உறைய வைக்காவிட்டால் ஆய்வுக்குப் பயன் குறைந்துவிடும். அவர் கையெழுத்திட்ட படிவத்தின் அடியில் ‘பதிப்பு 3’ என்று இருக்கிறது. மூன்று வாரம் முன்பே பதிப்பு 4 அமலுக்கு வந்துவிட்டது. மரபணுத் தகவலைக் கூட்டாளி மருத்துவமனைகளோடு பகிரலாமா என்று கேட்கும் பத்தி அதில்தான் இருக்கிறது. மயக்க மருந்துக்குக் காத்துப் படுத்திருப்பவரிடம் பேனாவை நீட்டுவது சம்மதம் கேட்பதாகாது. திசுவைத் தூக்கி எறிவதும் அவர் மனமுவந்து கொடுத்ததை அவமதிப்பதே. அவர் ஏற்கெனவே சம்மதித்தபடி எடுத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்து, வெளியே அனுப்பத் தடை என்று பதிவேட்டில் குறித்து, உடம்பு தேறி மறுபரிசோதனைக்கு வரும்போது அவருக்குப் புரியும் மொழியில் கேட்பதே முறை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கேட்பதற்குள் அவர் இறந்துவிட்டால்? அமெரிக்காவின் மத்திய ஆய்வு விதியில் ஆய்வுக்குட்படும் மனிதர் என்றால் உயிரோடு இருப்பவர் மட்டுமே. அந்த விதியைப் பொறுத்தவரை தடை விலகிவிடுகிறது. உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டுவிட்டு, இறந்ததும் வசதியாயிற்று என்று எடுத்துக்கொள்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். அறத்தின்படி அது கேவலம். இந்த நோயில் அப்படிப்பட்ட நிலை அபூர்வமுமல்ல. கேட்கத் தவறியது அலுவலகம் என்றால் அந்த மாதிரி அவர் சம்மதித்த எல்லையைத் தாண்டக் கூடாது. ஆய்வுக்கு அது நஷ்டம்தான். அலுவலகத்தின் தவறுக்கு விலை கொடுக்க வேண்டியவர் அந்தப் பெண்மணியல்ல.

ஆக, எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. மறுசம்மதத்துக்காகக் காத்திருப்பது நோயாளியைக் காக்கும் தாமதம். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்று இரண்டு பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொள்வது நிறுவனத்தைக் காக்கும் தாமதம். ஒரே படிவத்தை ஐந்து மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்கள் தனித்தனியே எடுத்துவைத்துக் காற்புள்ளி திருத்துவது யாரையும் காப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தங்கள் நிதியில் பல இடங்களில் நடக்கும் ஆய்வுக்கு ஒரே குழுவின் பரிசீலனை போதும் என்ற விதியை 2018 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது இதனால்தான். 2020இல் மத்திய விதியும் அதே வழிக்கு வந்தது. உள்ளூர் நிலவரம் தெரியாமல் போகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு உள்ளூர்க்காரர்களின் கருத்தைக் கேட்டால் போதும். பரிசீலனையை ஐந்து முறை நடத்த வேண்டியதில்லை.

கூட்டாய்வுத் திட்டங்களின் ஆண்டறிக்கையில் எத்தனை கட்டுரைகள் வெளியாயின என்ற கணக்கைத் தவறாமல் கேட்கிறார்கள். எந்தக் கோப்பு எந்த மேசையில், யார் பொருட்டு, எத்தனை நாள் கிடந்தது என்ற கணக்கையும் மானியம் தருபவர்கள் கேட்க வேண்டும்.