காத்திருக்க முடியாதவரின் விலை

அறுவடை நேரத்து விலையை விளைவித்தவர் தீர்மானிப்பதில்லை. உழவும் உரமும் அவர் பொறுப்பு; விலையோ எங்கோ நடக்கும் போரையும், வேறொரு நாட்டில் பெய்யும் மழையையும், ஏதோ ஓர் அரசாணையையும் பொறுத்தது. அப்படி வந்து சேரும் லாபம் யாருக்கு உரியது, அப்படி வரும் நட்டத்தை யார் சுமக்க வேண்டும் என்பவை பொருளியல் கேள்விகளாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறத்தைச் சேர்ந்தவை. சமயங்களும் தத்துவ மரபுகளும் அவற்றை நெடுங்காலமாக விவாதித்து வந்திருக்கின்றன.

மலேசியாவின் துறைமுக ஊரான போர்ட் கிள்ளானில் அந்தக் கேள்விகள் 2022-இல் கண்ணெதிரே வந்து நின்றன. உலகச் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலும் ரஷ்யாவிலும் விளைவது. பிப்ரவரி 24-ஆம் தேதி போர் மூண்டதும் ஒடேசா துறைமுகங்கள் அடைபட்டன. உக்ரைன் விவசாயியின் விதை கிடங்கில் முடங்கியது. அதே எண்ணெய்க்கு மற்ற நாடுகளில் தட்டுப்பாடு. வாங்குபவர்கள் பாமாயில் பக்கம் திரும்ப, மார்ச் மாதத்தில் கோலாலம்பூர் முன்பேரச் சந்தையில் கச்சா பாமாயில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியாவும் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. கிள்ளானை அடுத்த கேரித்தீவில் பாமாயில் தரும் செம்பனை மரங்கள் இதற்காக ஒரு குலைகூட அதிகம் காய்க்கவில்லை. ஆனாலும் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் இருந்த சரக்கின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பிரிக்பீல்ட்ஸில் வடை சுட்டு விற்பவருக்கு அந்த ஏற்றம் முழுக்கச் செலவு. இதில் யார்மீதும் குற்றம் சுமத்த இடமில்லை. ஆனால் அது உழைத்துச் சேர்த்த லாபம் என்று சொல்லவும் நா எழாது.

விளைபொருளுக்கு மட்டும் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பதற்கு அறுவடையின் இயல்பே விடை. சூரியகாந்திப் பூவின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் அறுக்கும் பருவம். பூவை அறுத்துக் களத்தில் காயப்போட்டு, தடியால் தட்டி விதையை உதிர்க்கிறார்கள். ஈரப்பதம் ஒன்பது, பத்து சதவீதத்துக்கு இறங்காவிட்டால் மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். களம் இல்லாதவரும் கடன் வாங்கி விதைத்தவரும் அன்றைய விலைக்கே தள்ளிவிட வேண்டியதுதான். செம்பனையில் அவசரம் இன்னும் கொடியது. குலையை வெட்டியதும் பழத்தில் கொழுப்பமிலம் ஏறத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆலை வாசலில் லாரியை எடை போட்டு, பழுக்காத குலை எத்தனை, காம்பு நீளமாக விடப்பட்டிருக்கிறதா, பழத்தில் ஈரம் உண்டா என்று தரம் பார்ப்பார்கள். அந்தக் குலைகளில் எத்தனை சதவீதம் எண்ணெய் கிடைக்கும் என்று மதிப்பிட்டு, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் டன்னுக்கு விலை வைப்பார்கள். கட்டுப்படியாகாது என்று குலையைத் திருப்பிக்கொண்டு போகச் சிறுதோட்டக்காரரால் முடியாது. ஆலைக்கோ நாளைக்கு இன்னொரு லாரி வரும். அறுவடைச் சந்தையில் நடக்கும் அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது: ஒரு தரப்பால் காத்திருக்க முடியும், மறு தரப்பால் முடியாது.

கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ தம் மகனுக்காகக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் ஓர் உதாரணம் துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகர் வந்து இறங்குகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், தீவு மக்களுக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்லியாக வேண்டுமா? தத்துவ அறிஞர் பாபிலோனின் டயோஜெனீஸ், சட்டம் கேட்பதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்கிறார். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் எதையும் மறைக்கக் கூடாது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் இதே உதாரணத்தை எடுத்துக்கொண்ட கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், சொல்லாமல் விடுவது நீதிக்கு மாறானதல்ல, சொல்வதே மேலான பண்பு என்று நடுவழி கண்டார். ஆனால் அவர் வகுத்த இன்னொரு விதி கண்டிப்பானது. வாங்குபவரின் தேவை கடுமையாக இருக்கிறது என்பதற்காக விலையை ஏற்றக் கூடாது. அந்தத் தேவை விற்பவருக்குச் சொந்தமான பொருளல்ல. இந்த விதியைத் திருப்பிப் போட்டால் அறுவடைச் சந்தைக்கு அப்படியே பொருந்தும். விவசாயியின் அவசரமும் வாங்குபவருக்குச் சொந்தமல்ல. அதைக் காட்டி விலையைக் குறைப்பவர் தமக்கு உரிமையில்லாத ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.

இஸ்லாமிய மரபு இதை இன்னும் நெருங்கிச் சென்று பார்த்தது. மதீனாவில் விலை ஏறியபோது அதை நிர்ணயிக்கும்படி மக்கள் வேண்டினர். விலையை ஏற்றி இறக்குபவன் இறைவனே என்று கூறி நபிகள் மறுத்தார் என ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. ஆனால் பதுக்கலை அதே மரபு கண்டித்தது. சரக்கு கொண்டுவரும் கிராமத்தார் சந்தையை அடைவதற்கு முன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதையும் தடுத்தது. சந்தை நிலவரம் தெரியாதவரிடம் வாங்குவது ஏமாற்றுக்கு வழிவிடும் என்பது சட்ட அறிஞர்கள் கூறும் காரணம். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தபின் பேரத்தை ரத்து செய்யலாம். வரத்துக் குறைவால் வரும் விலையேற்றம் வேறு, மனிதர் செய்யும் அநியாயத்தால் வருவது வேறு, பின்னதில் ஆட்சியாளர் தலையிடலாம் என்று சட்ட அறிஞர் இப்னு தைமிய்யா பிரித்துக் காட்டினார். தமிழ் மரபு விதியாக வகுக்காமல் பண்பாகச் சொன்னது. வணிகரின் நேர்மையைக் குறள் வைத்திருக்கும் இடம் நடுவு நிலைமை அதிகாரம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது மிகையாக எடுப்பதும் விற்கும்போது குறைத்துக் கொடுப்பதும் இல்லை என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகிறது.

விலை சரியும்போது கேள்வி மறுபக்கம் திரும்புகிறது. 2023 ஜூன் மாதம் ஹரியானாவின் ஷாபாத்தில் சூரியகாந்தி விவசாயிகள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,400 ரூபாய். சந்தையில் கிடைத்தது அதைவிட வெகு குறைவு. முந்தைய ஆண்டு உலகமே தேடிய எண்ணெயின் விதைதான் அது. மாநில அரசு இடைக்கால நிவாரணமாக 1,000 ரூபாய் அறிவித்தது. சாலையில் இருந்தவர்கள்மீது தடியடியும் நடந்தது. ஏற்றத்தில் கிடைப்பது வணிகரின் சாமர்த்தியம், இறக்கத்தில் போவது விவசாயியின் தலைவிதி என்று இரண்டு நியாயம் பேச எந்த மரபும் இடம் தரவில்லை.

லாபத்தில் உழைப்பாளியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி கிள்ளானுக்குப் புதிதல்ல. 1941-இல், போர்க்காலத் தேவையால் ரப்பருக்குக் கிராக்கி இருந்த நேரத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலியும், துரைகள் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. மே மாதம் அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின், திடீர் லாபத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு உரியது என்பதை மலேசியச் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது: 2022 நிலவரப்படி, தீபகற்பத்தில் பாமாயில் டன் 3,000 ரிங்கிட்டைத் தாண்டினால் மிகைத் தொகைக்கு மூன்று சதவீதத் தீர்வை. குலை வெட்டுபவருக்கு இதில் நேரடிப் பங்கு கிடையாது. அந்த ஆண்டு மே முதல் தேதி குறைந்தபட்ச ஊதியம் 1,500 ரிங்கிட் ஆனதும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான உயர்வு.

காத்திருக்க முடியாதவருக்குக் கால அவகாசம் தரும் வழிகளும் உண்டு. இஸ்லாமிய சட்டத்தின் ஸலம் ஒப்பந்தத்தில் விளைபொருளின் விலை முழுவதும் முன்கூட்டியே கையில் தரப்படும், பொருள் பின்னால் வந்து சேரும். பின்னால் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் முன்பேர ஒப்பந்தத்தில் முழு விலையும் உடனே கைமாறுவதில்லை. அதனால் ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் சரக்கு முன்பேரத்தை ஏற்கவில்லை. மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரியா ஆலோசனைக் குழு கச்சா பாமாயில் முன்பேரத்தை அனுமதித்தது. அனுமதியால் யாருக்குப் பயன் என்பது அளவைப் பார்த்தாலே தெரியும். ஓர் ஒப்பந்தம் 25 டன் எண்ணெய். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று கொண்டால் 125 டன் குலை. நான்கு ஹெக்டேர் சிறுதோட்டத்தில், ஹெக்டேருக்கு 17 டன் வெட்டினாலும் ஆண்டு முழுவதற்கும் 68 டன்தான் தேறும். விலைச் சரிவிலிருந்து தற்காத்துக்கொள்ளும் வசதி, களஞ்சியமும் முதலும் இருப்பவருக்கே எட்டுகிறது; குலையை அன்றே விற்றாக வேண்டியவருக்கு எட்டுவதில்லை.