திரும்ப வரும் கேட்டின் முதல்

ஒரு கேடு ஒருமுறை நேர்ந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நீக்கிய பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தால், அது தற்செயலா, ஊழா, இன்னும் அற்றுப்போகாத ஒரு காரணத்தின் விளைவா என்ற கேள்வி எழுகிறது. பௌத்தரும் சைவரும் ஆசீவகரும் பிறவி, துன்பம், வினை என்ற பெயர்களில் வாதிட்ட கேள்வி இது. அலுவலக மின்னஞ்சல் சர்வரின் தரவுத்தளம் மாதத்துக்கு ஒருமுறை பழுதாகிறதே என்று ஆராய்பவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது. அவர் எந்த விடையை நம்புகிறாரோ அதைப் பொறுத்தே அவர் அடுத்துச் செய்யும் வேலை அமைகிறது.

பல அலுவலகங்களில் நெடுங்காலம் ஓடிய மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச், அஞ்சல்களை ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துத் தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. 2003 பதிப்புவரை ஒரு பக்கம் 4 கிலோபைட். 2007 பதிப்பில் 8, 2010 பதிப்பில் 32 ஆயிற்று. பக்கத்தை வட்டில் எழுதும்போது, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் அதிலேயே பதிகிறது. பிறகு படிக்கும்போது அதே கணக்கு மறுபடி போடப்படும். விடை ஒத்துவராவிட்டால் −1018 என்ற பிழை நிகழ்வுப் பதிவில் ஏறும். பிழையை அறிவிப்பது எக்ஸ்சேஞ்ச் என்பதால் குற்றமும் அதனுடையதே என்று முடிவுகட்டுவோர் அதிகம். உண்மையில் அது சொல்வது ஒன்றுதான்: கொடுத்தனுப்பியதும் திரும்பி வந்ததும் வேறு. இடையில் டிரைவர், பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர், அதன் கேஷ், கேபிள், வட்டின் ஃபர்ம்வேர் என்று பல கைகள் இருக்கின்றன.

மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி கருத்தளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாக வகுக்கிறான்: பொது, எச்சம், முதல். கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். −1018 பிழையிலிருந்து காரணத்தை நோக்கிப் போகும் அறிவு எச்ச வகையைச் சேர்ந்தது. வெள்ளம் மழையைக் காட்டும். எந்த முகட்டில் பெய்தது என்று காட்டாது. அதே காதை அளவையின் போலிகள் எட்டையும் எண்ணுகிறது. அவற்றுள் ஐயம் என்பது கட்டையோ மகனோ என்று தயங்குவது. தேராது தெளிதல் என்பது ஆராயாமலே மகன் என்று துணிவது. சர்வர் பழுதில் ஐயம் பெரிய தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது தேராது தெளிதல். முதல் பிழை வந்த அன்றே வட்டை மாற்றிவிட்டு, காரணம் தீர்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவது அதற்கு நேரான எடுத்துக்காட்டு.

எல்லாம் முன்பே வகுத்தபடி நடக்கும், முயற்சியால் மாறாது என்பது ஆசீவகரின் நியதிக் கொள்கை. நீலகேசி தனிச் சருக்கமே ஒதுக்கி அவர்களோடு வாதிடுகிறது. கணினி உலகில் அந்தக் கொள்கையின் இடத்தில் தற்செயல் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது: விண்ணிலிருந்து வந்த ஒரு துகள் ராமில் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டது, என்ன செய்ய முடியும் என்பார்கள். இது வெறும் சாக்கு என்றும் தள்ளிவிட முடியாது. காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரான்கள் உயரம் கூடக்கூடப் பெருகும். கொடைக்கானல் நகரம் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கோ, அதையடுத்த பள்ளங்கியிலோ இருக்கும் சர்வர் கடற்கரை ஊரின் சர்வரைவிடக் கூடுதலாக இந்தத் துகள்களை வாங்குகிறது. ஆனால் அப்படி விழும் துகளுக்கு நினைவு கிடையாது. நேற்று தொட்ட இடத்தையே இன்றும் தேடி வராது. கூகுளின் சர்வர்களைக் கொண்டு 2009-ல் வெளிவந்த ராம் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு நினைவக அட்டைகள் பிழை காட்டின; ஒருமுறை பிழை காட்டிய அட்டை மறுபடி காட்டும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பல மடங்கு. பெரும்பாலான பிழைகளுக்கு அந்தந்த அட்டையின் நிலையான பழுதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆக, கேடு திரும்ப வருகிறது என்பதே காரணம் இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று. வினைக் கொள்கையை ஊழோடு குழப்பிக்கொள்பவர்கள் தவறவிடுவதும் இதையே. வினை என்று சொன்னவர்கள் காரணத்தைச் சொன்னார்கள். காரணத்தைச் சொன்னதால் அதை அறுக்கும் வழியையும் சொல்ல முடிந்தது.

காரணம் ஒன்றா பலவா என்பது அடுத்த கேள்வி. சைவ சித்தாந்தம் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று வைக்கும். குடத்துக்கு மண், திகிரி, குயவன். சர்வர் பழுதில் மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் விசாரணை முழுமையாகும். வட்டின் காந்தப் பரப்போ ராம் அட்டையோ கெட்டிருந்தால் அது முதற்காரணத்தின் பக்கம். மலையூர்களில் துணைக்காரணத்துக்குப் பஞ்சமில்லை. காற்றும் இடியும் வந்தால் மின்சாரம் போகிறது. ரெய்டு கன்ட்ரோலர், எழுத வேண்டியதைத் தன் கேஷில் வாங்கிக்கொண்டு, எழுதிவிட்டேன் என்று முன்கூட்டியே பதில் சொல்லும் வகையாக இருந்து, அதன் பேட்டரியும் செத்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டிலும் சில பக்கங்கள் பழைய நிலையிலேயே நின்றுவிடும். இந்தப் பக்கங்களில் பழைய சரிபார்ப்பு எண் பழைய உள்ளடக்கத்தோடு ஒத்தே இருக்கும் என்பதால் −1018 கூட எழாது.

நிமித்த காரணத்தைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். பேட்டரி செத்ததை எச்சரித்த செய்தியைப் படிக்காமல் விட்டவர் யார்? தரவுத்தளக் கோப்பையும், மாற்றங்களை வரிசையாகப் பதியும் லாக் கோப்புகளையும் ஆன்டிவைரஸ் தொடக்கூடாது என்று விலக்கு எழுத மறந்தவர் யார்? இது பழி தேடும் கேள்வியாக மாறிவிட்டால் அலுவலகத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், காரணமும் மறைந்துவிடும். ஆனால் அறிவுள்ள ஒரு கை செய்ததும் செய்யத் தவறியதும் காரணத்துள் அடங்கும் என்ற சித்தாந்த நிலைப்பாடு சரியானது. பொருளை மட்டும் மாற்றி, அதைக் கையாளும் முறையை மாற்றாத இடங்களில் புதிய வட்டிலும் பழைய கேடு வருகிறது.

விளைவை நீக்குவதும் காரணத்தை நீக்குவதும் வேறு என்பது இந்த ஆராய்ச்சியின் நடு. எக்ஸ்சேஞ்சோடு வரும் இஎஸ்இயூட்டில் கருவியில் தரவுத்தளத்தைப் பழுதுபார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. சரிபார்ப்பில் தவறிய பக்கத்தை அது குணப்படுத்துவதில்லை, தூக்கி எறிகிறது. அந்தப் பக்கத்தில் இருந்த அஞ்சல்கள் போய்விடும். எப்படிக் கெட்டது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். சர்வர் ஓடத் தொடங்கும், எல்லாரும் மூச்சுவிடுவார்கள், காரணம் அப்படியே இருக்கும். அதைவிட நல்ல வழி, கெட்ட கோப்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, நல்ல பேக்கப்பை மீட்டு, அதன்மேல் லாக் கோப்புகளை வரிசையாக ஏற்றுவது. கேடு வட்டில் எழுதும்போது நேர்ந்ததென்றால் லாக்கில் அது இருக்காது; பக்கம் மறுபடி நல்லதாகவே உருவாகும். பக்கம் கெட்டிருப்பதைக் கண்டால் எக்ஸ்சேஞ்சின் ஆன்லைன் பேக்கப் பாதியில் நின்றுவிடும்படி வடிவமைத்ததும் இதற்காகத்தான்: கெட்ட நகல் நல்ல நகலின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது.

ஆனால் கேடு அதற்கும் முன்னே, ராமிலேயே, சரிபார்ப்பு எண் கணக்கிடப்படுவதற்குள் நேர்ந்திருந்தால் நிலைமை வேறு. தவறான உள்ளடக்கத்துக்குச் சரியான முத்திரை விழுந்துவிடும். பேக்கப்பும் அதை நல்லதென்று வாங்கிக்கொள்ளும். இதற்கு ஒப்பு வயலில் உண்டு: கொடைக்கானல் மலையில் பள்ளங்கி, வில்பட்டி, பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு விதையிலிருந்து முளைப்பதில்லை, பல்லைத்தான் நடுகிறார்கள். வைரஸ் ஏறிய பூண்டின் பல்லை நட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அடுத்த பயிரும் அதே வைரஸைச் சுமந்தே வரும். மீட்டெடுக்கும் ஒவ்வொரு நகலோடும் கேடு திரும்புவது இப்படித்தான். முத்திரை உறுதி தருவது, இட்ட பின் மாறவில்லை என்பதற்கு மட்டுமே. இடும்போது உண்மையாக இருந்ததா என்பதற்கு அதனிடம் விடை கிடையாது. பிறர் சொல்லைச் சான்றாகக் கொள்ளும் உரையளவை செல்லுபடியாக உரைத்தவன் நம்பத்தக்கவனாக இருக்க வேண்டும் என்று நியாய நூலார் வற்புறுத்தியது இந்த இடைவெளியை அறிந்துதான்.

அதனால் மூலத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது முக்கியமாகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தட்டுகளும் ஃபிலிம்களும் பின்னாளில் டிஜிட்டலாக்கப்பட்டன. டிஜிட்டல் படத்தில் நேரமோ திசையோ ஐயத்துக்கு உள்ளானால் திரும்பிப் பார்க்கத் தட்டு வேண்டும். நகலை நகலோடு ஒப்பிட்டு அந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது.

மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் பேதைமை தொடங்கிப் பன்னிரண்டு சார்புகளை அடுக்குகிறார். ஒன்று இருந்தால் அடுத்தது தோன்றும். ஒன்று மீண்டால் அடுத்தது மீளும். இருக்கும்போது இருத்தல், இல்லாதபோது இல்லாமை என்ற இந்த இரட்டை, நியாய நூல்களில் அந்வயம், வியதிரேகம் என்று காரணத்தைத் தேரும் கருவியாகவும் நிற்கிறது. கன்ட்ரோலரை மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, கேடு நிற்கிறதா என்று பார்ப்பது வியதிரேகம். பழைய கன்ட்ரோலரை ஒரு சோதனைக் கணினியில் பொருத்தி அங்கே கேடு வருகிறதா என்று பார்ப்பது அந்வயம். ஒரே இரவில் ராம், வட்டு, ஃபர்ம்வேர் மூன்றையும் மாற்றுபவர் சர்வரைக் காப்பாற்றலாம். எது காரணம் என்ற அறிவை இழக்கிறார். அவசரத்தில் அது மன்னிக்கத்தக்கது. ஆனால் கழற்றிய பொருளை இன்னொரு கணினியில் பொருத்துவதற்கு முன்பாவது அந்த அறிவு தேவைப்படும்.

கேடு நின்றுவிட்டது என்பதை அறிவது எப்படி என்பது கடைசியாக மீளும் கேள்வி. இன்மையை அறிய அபாவம் என்ற தனி அளவை வேண்டும் என்றனர் பாட்ட மீமாம்சகர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதையும் மற்ற அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். இந்த வாதத்தில் மீமாம்சகரும் நியாய நூலாரும் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியாதது குடம் இல்லாததற்குச் சான்றாகாது. யாரும் திறக்காத, பேக்கப்பும் படிக்காத பழைய அஞ்சல்களின் பக்கங்கள் அந்த இருட்டறை. படிக்கப்படாத பக்கத்தின் சரிபார்ப்பு எண் கணக்கிடப்படுவதே இல்லை. ஆகவே மாதக்கணக்கில் −1018 வரவில்லை என்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. எக்ஸ்சேஞ்ச் 2010-ல் பின்னணிப் பராமரிப்பு, தரவுத்தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஓயாமல் படித்துச் சரிபார்க்கும்படி செய்யப்பட்டது. அத்தகைய முழுச் சுற்று ஒன்று முடிந்து, இடையில் முன்பு கேட்டை எழுப்பிய நிலையும், அதாவது மின்வெட்டோ அதிகச் சுமையோ, நேர்ந்து, அதன் பிறகும் பதிவேடு அமைதியாக இருந்தால், −1018 எழுப்பக்கூடிய கேட்டைப் பொறுத்தவரையாவது, காரணம் நீங்கியது என்று சொல்ல அடிப்படை கிடைக்கிறது.