பாதையும் பதிலும்

ஒரு காரியம் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்கிறோம். செய்தவன் ஒருவன், யோசித்தவன் இன்னொருவன் என்றாகும்போது கேள்வி சிக்கலாகிறது. யோசனை முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்டு, செய்வது யந்திரமாகவும் இருந்துவிட்டால் கேள்விக்கே அர்த்தமில்லாமல் போய்விடுவதுபோல் தோன்றுகிறது. இதை ஒரு தர்க்கப் பயிற்சியாக நான் எழுப்பவில்லை. சென்ற வருஷம் இப்படி ஒரு வழக்கில் அபிப்ராயம் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். சொன்னேன். அதன்படி ஒரு பையனின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. நான் சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் தவறு என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளும் முயற்சி இது.

இடம் தூத்துக்குடியில் ஒரு பட்டறை. விசைப்படகு எஞ்சின்களுக்கும் உப்பளப் பம்புகளுக்கும் உதிரி பாகங்கள் செய்கிறார்கள். முன்பு லேத்துகள் மட்டும் இருந்தன. பிறகு பழைய வி.எம்.சி. ஒன்றைக் கோவையிலிருந்து வாங்கி வந்தார்கள். எழுதிக்கொடுத்த ஆணைப்படி தானே நகர்ந்து உலோகத்தைச் சீவும் மில்லிங் யந்திரம் அது. பாகத்தின் வடிவத்தை முதலில் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்கிறார்கள். பிறகு கேம் மென்பொருளில், எந்த வெட்டுளி, எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். அந்த வழிக்கு டூல்பாத் என்று பெயர். அது ஜி-கோட் என்ற வரிகளாக மாற்றப்பட்டு யந்திரத்துக்குப் போகிறது. ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். ஜி00 என்றால் வெட்டாமல், முடிந்த அளவு வேகமாக, அடுத்த இடத்துக்குப் போ என்று அர்த்தம். விபத்துக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியில்தான் நிகழ்கின்றன. வெட்டும்போது யந்திரம் நிதானமாகப் போகிறது. வெறும் காற்று என்று நம்பிப் பாயும்போதுதான் மோதுகிறது.

இங்கும் அதுதான் நடந்தது. வெண்கலத்தில் பம்பு மூடிகள், நாற்பது துண்டுகள். நாலு துண்டுகள் சரியாக வந்தன. ஐந்தாவதில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஜி00இல் பாய்ந்த வெட்டுளி, மூடியைப் பிடித்திருந்த கிளாம்பில் மோதி உடைந்தது. ஸ்பிண்டில் பேரிங்கும் போயிற்று. யாருக்கும் காயமில்லை. புரோகிராம் எழுதியவர் கம்ப்யூட்டரில் பாதையை ஓட்டிக் காட்டினார். திரையில் எதுவும் எதன்மீதும் மோதவில்லை. காரணம், கிளாம்பை அவர் வரைந்திருக்கவில்லை. வரையாத பொருள் மென்பொருளுக்கு இல்லாத பொருள். ஆனால் கிளாம்ப் எங்கே இருக்க வேண்டும் என்று செட்டப் ஷீட்டில் குறித்திருந்தார். குறித்த இடத்தில் இருந்திருந்தால் மோதியிருக்காது. ஆபரேட்டர் பையன் அதை அரை அங்குலம் உள்ளே தள்ளி வைத்திருந்தான்.

முதலாளி என் பால்ய நண்பர். "நாலு புஸ்தகம் படிக்கிறவன், நீயே சொல்லு" என்றார். எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தது, பையன் அதிலிருந்து விலகினான், கிளாம்பை வரையாமல் விட்டது புரோகிராமரின் குறை, ஆகவே ஆளுக்குப் பாதி என்றேன். நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பையனும் ஒன்றும் சொல்லவில்லை. புரோகிராமரின் பாதி எப்படியோ தள்ளிப்போடப்பட்டுக் கரைந்துபோனது. பையனின் பாதி மாதாமாதம் பிடிக்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்து அவனை ஒரு டீக்கடையில் பார்த்தேன். ஏன் தள்ளி வைத்தாய் என்று அப்போதுதான் கேட்டேன். "மெல்லிசு மூடி அண்ணாச்சி. ஓரத்துல அதிர்ந்துச்சு. சத்தமே மாறிப்போச்சு, மேல அலை அலையா விழுந்துச்சு. கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிச்சா நிக்கும்னு வச்சேன்." யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "யார்ட்ட அண்ணாச்சி? ராத்திரி ஷிப்ட். ஷீட்டுல அதுக்கு எடமும் கெடையாது."

ஆக, அந்தப் பட்டறையில் அன்றிரவு உலோகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். தண்டனை பெற்றவனும் அவன்தான்.

*

1940களின் கடைசியில் அமெரிக்காவில் யந்திரத்துக்கு அசைவைக் கற்றுத்தர இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் செய்துபார்த்த முறையில், தேர்ந்த தொழிலாளி முதல் துண்டைத் தன் கையால் செய்வான். அப்போது யந்திரத்தின் அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். நாடாவைத் திரும்ப ஓட்டினால் யந்திரம் அதையே மறுபடி செய்யும். மற்ற வழி ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸிடமிருந்து தொடங்கி, விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி.யில் வளர்ந்தது. இதில் அசைவுகளை எண்களாகக் கணக்கிட்டு, துளையிட்ட காகித நாடாவில் எழுதிவிடுவார்கள். 1952இல் எம்.ஐ.டி. அந்த யந்திரத்தை ஓட்டிக் காட்டியது. 1959இல் ஏ.பி.டி. என்ற புரோகிராம் மொழியை அறிவித்தபோது, அதைக்கொண்டு சீவிய அலுமினிய சாம்பல் கிண்ணங்களைப் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது வழி வென்றது. இன்றைய கேம் மென்பொருள்கள் அதன் வாரிசுகள்.

டேவிட் நோபிள் 1984இல் வெளியான 'ஃபோர்ஸஸ் ஆஃப் புரொடக்ஷன்' நூலில், இந்த வெற்றியைத் தொழில்நுட்பக் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது என்று வாதாடுகிறார். முதல் முறையில் அறிவு தொழிலாளியின் கையில் தங்கிவிடுகிறது. அதை நிர்வாகத்தின் மேஜைக்குக் கொண்டுபோகும் முறையே விரும்பப்பட்டது என்கிறார். ஆனால் கர்ட் வானகட் வேறுவிதமாகப் பார்த்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் விளம்பரப் பிரிவில் வேலைபார்த்த அவர் 1952இல் வெளியிட்ட 'பிளேயர் பியானோ' நாவலில், ஒரு தேர்ந்த தொழிலாளியின் அசைவுகள் நாடாவில் பதிவுசெய்யப்படுகின்றன. பிறகு அவன் தேவைப்படுவதில்லை. நோபிள் தொழிலாளிக்குச் சாதகமானதாகக் கண்ட முறையே வானகட்டுக்குக் கொடுங்கனவாக இருக்கிறது. இருவரும் கேட்பது, கையின் அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அது முக்கியமான கேள்விதான். ஆனால் எங்கள் பட்டறையில் நடந்ததை அது தொடவில்லை. பையனின் அசைவை நாடாவில் பதிந்திருந்தாலும் ஐந்தாவது துண்டின் அதிர்வை நாடா கேட்டிருக்காது.

கையைப் புனிதமாக்குவது என் நோக்கமில்லை. கையால் ஆகாத பரப்புகளை இந்த மென்பொருள் சீவித் தருகிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை முனை வெட்டுளியை 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுத்தடுத்து ஓட்டினால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சுமார் 25 மைக்ரான் உயரத்துக்கு ஒரு வரப்பு நிற்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் வரப்பு கால்வாசியாகும், நேரம் இரட்டிப்பாகும். இந்த வரப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்காலப். அது ஒரு சிப்பியின் பெயர். எந்த அளவு வழவழப்பு போதும், அதற்கு எவ்வளவு நேரம் தரலாம் என்பதை ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். இதில் நிஜமான யோசனை இருக்கிறது. யோசனையைக் குறை சொல்ல எனக்கு முகாந்திரமில்லை.

இன்னொரு பெயரும் கடலிலிருந்து வந்ததுதான். மென்பொருளில் வளைவுகளை ஸ்ப்ளைன் என்கிறார்கள். ஐரோப்பியக் கப்பல் பட்டறைகளில், ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து ஈயக் குண்டுகளால் அழுத்திவைத்து, கப்பலின் வளைவைத் தரையில் வரைவார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் அது. 1946இல் ஷோன்பெர்க் என்ற கணிதவாதி தன் சமன்பாடுகளுக்கு அதையே சூட்டினார். சட்டத்தின் வளைவு எண்களுக்குள் வந்துவிட்டது. ஆனால் மரச்சட்டம் வளையமாட்டேன் என்று சொல்லும். அளவுக்கு மீறினால் முறியும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளை இங்கே ஓடாவிகள் காகித வரைபடம் இல்லாமல் கட்டிவந்தார்கள். அவர்கள் கண்ணால் மட்டும் கட்டினார்கள் என்று நாம் வியப்பது பாதி உண்மை. பலகையை விலாமரத்தோடு சேர்த்து வளைக்கும்போது அது கொடுக்கிற பதிலைக் கேட்டுக் கட்டினார்கள். திரையிலுள்ள ஸ்ப்ளைன் எப்படி இழுத்தாலும் வருகிறது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

என் சந்தேகம் இங்கேதான் தெளிவாகிறது. யோசனையும் செயலும் பிரிவது தவறில்லை. கட்டிடம், நாடகம், சங்கீதம் எல்லாவற்றிலும் அது பிரிந்தே இருக்கிறது. யோசனையிலிருந்து செயலுக்கு ஒரு பாதை போகிறது. செயலிலிருந்து யோசனைக்குத் திரும்பிவர வழியில்லாமல் போவதுதான் தவறு. உலோகம் அதிர்ந்து பதில் சொன்னது. பையன் கேட்டான். அந்தப் பதில் மேலே போக வழியில்லாததால் அவன் கிளாம்பை நகர்த்தினான். அவனுடைய தவறு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொண்டது. அதுவும் முழுக்க அவன் தவறில்லை.

நான் உட்காரும் வங்கிக் கவுண்டரிலும் இது தினமும் நடக்கிறது. உப்பளத்தில் வேலைபார்த்துக் கைரேகை தேய்ந்துபோன ஒரு அம்மா விரலை வைக்கிறாள். மெஷின் ஏற்கவில்லை. இன்னொரு விரல். அதுவும் இல்லை. எனக்கு அவளைத் தெரியும்; அவள் அவள்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. "மெஷின் எடுக்கமாட்டேங்குதும்மா" என்கிறேன். பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். ரேகை தேயும் என்பதை யாரோ எங்கோ வரையாமல் விட்டிருக்கிறார்கள். வேறு விதமாக அடையாளம் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு நான் எழுந்து போய் ஒரு மேலதிகாரியிடம் பேச வேண்டும். சில நாள் எழுந்து போகிறேன். சில நாள் போவதில்லை.

மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. குளிப்பவன் கல்லில் கால்வைத்து இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்காளோ தங்கையோ விதவையாகக் கூடாது என்பது அதன் கணக்கு. அதில் இன்னொரு அர்த்தமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கீழே என்ன நடக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கீழேயிருந்து இழுத்தால் தெரிகிற மாதிரி கயிறு கையில் இருக்க வேண்டும், இழுத்தவுடன் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கடமை. நல்ல புரோகிராமர் முதல் துண்டு ஓடும்போது யந்திரத்தின் பக்கத்தில், வேகத்தைக் குறைக்கும் குமிழில் கைவைத்து நிற்கிறார். அது இந்தக் கயிறுதான். முதல் துண்டோடு அவர் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஐந்தாவது துண்டில் கீழேயிருந்து ஒருவன் இழுத்தான்.

நான் சொன்ன தீர்ப்பின் குறை இதுதான். அது ஷீட்டில் எழுதியிருந்ததை மட்டும் படித்தது. ஏன் நகர்த்தினாய் என்ற ஒரே கேள்வியைக் கேட்க எனக்குச் சில மாதங்கள் ஆயிற்று. தீர்ப்புச் சொன்ன அன்று நானும் வெறும் காற்று என்று நம்பிப் பாய்ந்தேன்.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நண்பரிடம் சொன்னேன். கொஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார். பையன் அதற்குள் வேலையை விட்டுவிட்டான். ஷீட்டில் இப்போது 'ஆபரேட்டர் குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். போன வாரம் பட்டறைக்குப் போனபோது அதை எடுத்துப் பார்த்தேன். எல்லா நாளுக்கும் எதிரே ஓ.கே. என்று எழுதியிருந்தது. உண்மையை எழுதினால் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம் என்று அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.